கண்ணாடித் தொட்டிக்கு இணக்கமான மீன்கள்: தேர்வும் அதனால் வரும் பொறுப்பும்

எருதையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டி உழும் குடியானவர் நம்மில் இல்லை. நடையும் வலிவும் ஒவ்வாத இரண்டைச் சேர்த்தால் ஏரும் ஓடாது, பிராணிகளும் கெடும் என்பதை எவரும் அவருக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. நிலக்கடலையின் நடுவே துவரையை ஊடுபயிராக விடும்போதும் அவர் இதே விவேகத்தைக் காட்டுகிறார். ஒன்றின் வேர் மேலோடும், மற்றொன்றின் வேர் ஆழ இறங்கும். ஒன்று முன்னே அறுவடைக்கு வரும், மற்றொன்று பின்னே வரும். ஆயினும் இதே குடியானவர் தம் வீட்டுக் கூடத்தில் வைக்க ஒரு கண்ணாடித் தொட்டியையும் பத்து மீன்களையும் வாங்கச் செல்லும்போது, நிறத்தையும் விலையையும் மாத்திரம் பார்த்துக் கைக்குக் கிடைத்தவற்றை ஒரே பையில் கட்டிக்கொண்டு வருகிறார். ஒரு மாதத்துக்குள் பாதி செத்து மிதக்கின்றன. மீதியில் ஒன்று மற்றவற்றைத் தின்று பெருத்துவிடுகிறது. பெருத்ததை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் மாலை ஏரியிலே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள்.

தொட்டி மீன் நகரத்தாருடைய பொழுதுபோக்கு, விவசாயப் பத்திரிகையில் அதற்கு இடமேன் என்று சில நேயர்கள் கேட்கலாம். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களில் கழனி குறுகிக்கொண்டே வருகிறது. எஞ்சிய சில சென்ட் நிலத்திலும் கிணற்று நீரிலும் வருமானம் தேடுவோருக்கு அலங்கார மீன் வளர்ப்பு தக்க உபதொழிலாக உள்ளது. அம்பத்தூருக்கு அண்மையிலுள்ள கொளத்தூர், இத்தொழிலாலும் வியாபாரத்தாலும் நாடெங்கும் பெயர் பெற்றிருக்கிறது. இரண்டாவது, வாங்கியவர் வீட்டில் மீன் சாகுமானால் அவர் மறுமுறை வாங்கமாட்டார், வளர்த்தவருக்கே நஷ்டம். மூன்றாவது காரணமே முக்கியமானது. தவறாகத் தேர்ந்த மீன் முடிவில் வந்து சேருமிடம் நம் பாசன ஏரி.

ஆகையால் இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. சிறு தொட்டிக்கு மீன் தேரும்போது அழகைப் பின்னே வைத்து, இணக்கத்தை முன்னே வைக்கவேண்டும். நம் நீரோடு இணக்கம், தொட்டியின் அளவோடு இணக்கம், உடன் வாழும் மீன்களோடு இணக்கம் என இதை மூன்றாகப் பிரித்துக் கொள்ளலாம்.

நீரோடு இணக்கம்

மண்ணைப் பாராமல் விதை வாங்குவார் இல்லை. அதுபோல நீரைப் பாராமல் மீன் வாங்கலாகாது. இவ்வட்டாரத்துக் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் கடின நீராகவே உள்ளன. சோப்பு எளிதில் நுரைக்காவிடினும், காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் வெண்படலம் படிந்தாலும், அது கடின நீரென்று அறியலாம். கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய மீன்கள் இத்தகைய நீரை விரும்புவன. இவை அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களைச் சேர்ந்தவை. முட்டையிடாமல் குஞ்சு ஈனுபவை. கப்பி மீன் 1908-ம் ஆண்டிலேயே கொசுப் புழுவை ஒழிக்கும் நோக்கத்தோடு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நீலக்கோடும் செங்கோடும் மின்னும் நியான் டெட்ராவோ அமேசான் காட்டோடைகளின் மென்மையான, சற்று அமிலத் தன்மையுள்ள நீரில் பிறந்தது. அதனை நம் கடின நீரில் விட்டு, செத்தபின் விற்றவரைக் குறைகூறுவது, உவர் நிலத்தில் விதையைத் தூவிவிட்டு விதைக்காரரைக் குறைகூறுவது போன்றதாகும்.

வெப்பத்தையும் கவனிக்கவேண்டும். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் ஏழரை மில்லிகிராமே தாங்கும். தங்க மீன் சீன தேசத்தில் குளிர்ந்த நீரில் வளர்த்துப் பெருக்கப்பட்ட ஜாதி. அதன் பசியும் கழிவும் மிகுதி. உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு தங்க மீன்களை வைத்துச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் நிறுத்துவது ஜீவகாருண்யத்துக்கு ஒவ்வாத காரியம். படத்தில் பார்த்த பழக்கத்தால் அது நீடித்து வருகிறது.

நகராட்சிக் குழாய் நீரைப் பயன்படுத்துவோர், அதிலுள்ள குளோரின் நீங்கும்படி அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்திருந்து பின்னரே தொட்டியில் ஊற்றவேண்டும்.

அளவோடு இணக்கம்

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி கணக்கின்படி சுமார் 56 லிட்டர் கொள்ளும். அடியில் மணலும் மேலே சிறிது வெற்றிடமும் விட்டால், நிற்கும் நீர் ஏறக்குறைய 45 லிட்டர். சிறு மீன்களுக்குப் பழக்கத்தில் உள்ள எளிய கணக்கு, மீனின் ஒவ்வொரு சென்டிமீட்டர் நீளத்துக்கும் ஒன்றரை லிட்டர் நீர் என்பது. அதன்படி இத்தொட்டியிலுள்ள எல்லா மீன்களின் நீளத்தையும் கூட்டினால் 30 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது. இங்கே கூட்டவேண்டியது வாங்கும் நாளைய நீளத்தை அன்று. முழு வளர்ச்சி அடைந்தபின் இருக்கும் நீளத்தை. தென்னங்கன்று ஒரு முழமே இருக்கிறதென்று முழத்துக்கு ஒன்றாக நடுவார் உண்டோ? கடையில் விரலளவில் துள்ளும் ஆஸ்கார் மீன் வளர்ந்தால் ஓரடி. அதே கடையில் கண்ணாடியை நக்கிக்கொண்டிருக்கும் சக்கர் மீன் வளர்ந்தால் ஓரடிக்கும் மேல். இவ்விரண்டும் இரண்டடித் தொட்டிக்கு ஒருபோதும் ஆகா.

இக்கட்டுப்பாட்டின் காரணம் குடியானவருக்கு எளிதில் விளங்கக்கூடியது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட இரையிலிருந்தும் அம்மோனியா பிறக்கிறது. நம் வயலிலே யூரியாவை இட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை அம்மோனியாவாகவும், பின் நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன அல்லவா? தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் அத்தகைய நுண்ணுயிர்களே அந்தக் கடைசி இரண்டு வேலைகளையும் செய்கின்றன. ஆனால் புதுத் தொட்டியில் அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் பத்து மீன்களை ஒரே நாளில் விட்டால் அம்மோனியாவே அவற்றைக் கொன்றுவிடும். நம் கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மையும் உடையது. கார அமில நிலை 7 உள்ள நீரைவிட 8 உள்ள நீரில், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. எனவே முதலில் இரண்டு மூன்று மீன்களோடு தொடங்கி, வாரம் ஒருமுறை நீரில் கால்பாகம் மாற்றி, ஒரு மாதம் கழித்து மற்றவற்றைச் சேர்ப்பதே முறை. எடுத்த நீரை வீணாக்கவேண்டாம். அதில் நைட்ரேட் இருப்பதால் துளசிக்கும் வாழைக்கும் நல்ல உரமாகும்.

இரையும் அளவறிந்தே இடத்தக்கது. இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளொன்றுக்கு ஒரு வேளை அல்லது இரண்டு வேளை போதும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் உண்மை.

ஒன்றோடொன்று இணக்கம்

குளத்து மீன் வளர்ப்பில் நாம் ஏற்கெனவே கடைப்பிடிக்கும் முறை ஒன்று இதற்கு வழிகாட்டும். கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடிமட்டத்தில் மேயும். மூன்றும் ஒரே குளத்தில் ஒன்றன் இரையை மற்றொன்று பறிக்காமல் வளர்கின்றன. 1971-ல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டத்தின் வாயிலாகப் பரவிய கூட்டு மீன் வளர்ப்பின் அடிப்படை இதுவே. விரால் நுழைந்த குளத்தில் கெண்டைக் குஞ்சு தங்காது என்பதும் நாம் அறிந்ததே. இவ்விரண்டு பாடங்களையும் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவந்தால் போதும்.

வாய்க்குள் அடங்கும் மீன் இரையென்றே கொள்ளப்படும் என்பது முதல் விதி. ஏஞ்சல் மீன் பார்வைக்குச் சாது. ஆனால் வளர்ந்தபின் நியான் டெட்ராவையும் கப்பிக் குஞ்சையும் விழுங்கிவிடும். இரண்டாவது விதி, வாலைக் கடிக்கும் ஜாதியை நீண்ட வாலுள்ள ஜாதியோடு சேர்க்கலாகாது. டைகர் பார்ப் எனப்படும் வரிக்கெண்டை இதற்குப் பேர்போனது. அதை ஆறுக்குக் குறையாத கூட்டமாக வைத்தால் பெரும்பாலும் தமக்குள்ளேயே துரத்தி விளையாடும். ஒன்றிரண்டாக வைத்தால் பிறவற்றின் வாலைக் கிழித்துவிடும். மூன்றாவது, சயாம் தேசத்திலிருந்து வந்த பைட்டர் மீனின் ஆண்கள் இரண்டை ஒரு தொட்டியில் விடலாகாது. சேவற்சண்டையின் கதியே ஆகும். ஆண் கப்பியின் விரிந்த வாலைக் கண்டும் அது பகைவனென்று பாயக்கூடும். பைட்டர் நீரின் மேல் வந்து காற்றைச் சுவாசிக்க வல்லது. அதற்காகக் கண்ணாடிக் குவளையில் அதை அடைத்து வைப்பது முறையன்று. 15 அல்லது 20 லிட்டர் நீரில் ஒன்றைத் தனியே வைத்தால் அதுவே நிறைவான காட்சி. நான்காவது, கூட்டமாக வாழும் ஜாதியை ஒன்றும் இரண்டுமாக வாங்கலாகாது. நம் தேசத்திலே கங்கைச் சமவெளியின் ஓடைகளில் வாழும் ஜீப்ரா டேனியோ, ஆறேழு கூடினால்தான் அச்சமின்றி ஓடித் திரியும்.

இரண்டடித் தொட்டிக்கு என் அபிப்பிராயத்தில் ஏற்ற சேர்க்கைகள் மூன்று.

முதலாவது, ஆண் கப்பி ஆறும் ஆண் பிளாட்டி இரண்டும். கடின நீருக்கு இது பொருத்தமானது. பெண் மீன்களைச் சேர்த்தால் ஏறக்குறைய மாதம் ஒருமுறை குஞ்சுகள் பெருகும். பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தபின் ஆண் இல்லாமலே பலமுறை ஈனும் இயல்புடையது. விற்பனைக்கு வளர்ப்பவருக்கு இது வரம். வீட்டுத் தொட்டி வைத்திருப்பவருக்குச் சங்கடம்.

இரண்டாவது, ஜீப்ரா டேனியோ ஏழு மாத்திரம். துள்ளும் ஜாதியாகையால் தொட்டிக்கு மூடி அவசியம்.

மூன்றாவது, நம் தென்னாட்டு நீருக்கே உரிய மீன்கள். மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பொட்டிட்ட ஆரஞ்சு குரோமைடு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வாழ்வது. இதில் ஒரு ஜோடியை மாத்திரம் ஒரு தொட்டியில் விட்டால், தாயும் தந்தையும் சேர்ந்து குஞ்சைக் காக்கும் அரிய காட்சியைக் காணலாம். முட்டையிட்ட காலத்தில் அவை பிறமீன்களைத் துரத்துமாதலால் தனிக் குடித்தனமே ஏற்றது. வெளிநாட்டு மீனுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதியை நம் மீனுக்குக் கொடுக்க ஜனங்கள் பழகினால், அதை இனப்பெருக்கம் செய்து விற்கும் சிறு விவசாயிக்கும் நன்மை உண்டு. ஆனால் ஓடையில் பிடித்து விற்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். பண்ணையில் பெருக்கியதையே விற்கவேண்டும். கேரள நாட்டு மலையோடைகளில் வாழும், சென்னை மாகாண கவர்னர் டெனிசனின் பெயரால் 1865-ல் பெயரிடப்பட்ட மீன் ஒன்று, அழகின் காரணமாகவே அளவின்றிப் பிடிக்கப்பட்டு, இன்று அழியும் அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது.

எம்மீனை வாங்கினாலும் பையோடு கால்மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கியபின் விடுவது நன்று. முன்பே மீனுள்ள தொட்டியானால், புதியதை இரண்டு வாரம் வேறு பாத்திரத்தில் வைத்து நோயில்லை என்று கண்டு சேர்க்கவேண்டும். சந்தையில் வாங்கிய மாட்டை வந்த அன்றே தொழுவத்தில் கட்டாத எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

ஏரிக்கு வரும் தீங்கு

இனி முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஆகாயத்தாமரை நம் நாட்டில் களையாக வந்ததன்று. பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்டது. இன்று அது ஏரிகளையும் கால்வாய்களையும் மூடிக்கிடப்பதை யாவரும் காண்கிறோம். மீன்களிலும் இவ்வாறு நடந்துள்ளது. ஜிலேபி எனப்படும் திலாப்பியா 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அதைப் பரப்பலாகாதென்று 1959-ல் மீன் ஆராய்ச்சிக் குழு முடிவு செய்தபோது காலம் கடந்துவிட்டது. இன்று அது இல்லாத ஏரி அரிது. ஜிலேபிக்காவது சந்தை உண்டு. சக்கர் மீனுக்கு அதுவும் இல்லை.

சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி அதை விற்கிறார்கள். குட்டியாக இருக்கையில் பாசி தின்பது மெய்யே. ஆனால் அது இடும் கழிவு அது தின்னும் பாசியைவிடத் தொல்லையானது. பாசியை ஒரு பஞ்சுத் துண்டால் துடைத்துவிடலாம். வளர்ந்ததும் தொட்டி கொள்ளாமல் அதை நீர்நிலையில் விட்டுவிடுகிறார்கள். சென்னையைச் சுற்றிய நீர்நிலைகளில் இவ்வாறு அது பரவியுள்ளது. ஆந்திர, தெலுங்கானா பகுதிகளிலும் இதே முறையீடு. அதன் மேனி கவசம் போன்ற தகடுகளால் ஆனது. முள் வலையைக் கிழிக்கும். கொக்கும் விராலும் அதை எளிதில் விழுங்கா. பிராணவாயு குறைந்த அழுக்கு நீரிலும் காற்றை விழுங்கிப் பிழைக்கும். இனப்பெருக்கக் காலத்தில் கரையைக் குடைந்து வளை அமைக்கும். எலி வளையாலும் நண்டு வளையாலும் ஏரிக்கரை பலவீனப்பட்டதை அனுபவத்தில் கண்ட கிராமத்தாருக்கு, கரையைக் குடையும் மீன் என்றால் அதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மீன்பாசி குத்தகை எடுத்தவர் செலவிட்டு விட்ட கெண்டைக் குஞ்சு குறைந்து, வலையில் விலைபோகாத சக்கர் மீன் ஏறினால், அடுத்த ஏலத்தில் எவர் துணிந்து கேட்பார்? ஏலத்தொகை குறைந்தால் குறைவது ஊர்ப் பொதுப்பணம். ஒரு வீட்டில் ஒருவர் யோசனையின்றி வாங்கிய சிறு மீனின் விலையை முடிவில் ஊரே கொடுக்க நேர்கிறது.

ஒன்றிரண்டு மீன் ஏரியை என்ன செய்யும் என்று சிலர் கேட்பார்கள். ஒரு பெண் கப்பியின் இயல்பை மேலே சொன்னேன், ஒன்றே போதும். நாங்கள் ஏரியில் விடவில்லை, வீட்டுக் கொல்லைத் தொட்டியில்தானே வளர்க்கிறோம் என்பாரும் உண்டு. வெள்ளம் வந்தால் கொல்லைக்கும் ஏரிக்கும் வேற்றுமை இல்லை. 2018-ம் ஆண்டுக் கேரள வெள்ளத்துக்குப் பின், அமேசானுக்குரிய அரபைமா மீன் சாலக்குடி ஆற்றில் அகப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியின் கீழும் அடையாற்றின் ஓரமும் வாழ்வோர் 2015 டிசம்பரை மறந்திருக்கமாட்டார்கள். உயிரை விடுவது பாவம், ஏரியில் விட்டால் பிழைக்குமே என்பதும் ஒரு வாதம். பிழைத்தால் ஏரியிலுள்ள ஆயிரம் உயிர்களுக்குக் கேடு. பிழைக்காவிட்டால் அந்த மீனுக்கே கேடு. எந்த வகையிலும் இதில் தருமம் இல்லை.

செய்யத்தக்கவை

வளர்ப்போர் தம் தொட்டிகளின் வடிகாலில் நுண்கண் வலை கட்டவேண்டும். தொட்டிகளை வெள்ளம் எட்டாத மேட்டில் அமைக்கவேண்டும். புதிதாகத் தொடங்குவோர் கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய எளிய ஜாதிகளிலிருந்து தொடங்குவது நலம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் உதவி வகுக்கப்பட்டது. இத்தகைய உதவிகளில் அந்தந்தக் காலத்தில் நடப்பிலுள்ளவற்றை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்தறியலாம். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பண்ணை இருப்பது இவ்வட்டாரத்தாருக்கு வாய்ப்பு.

விற்போர், ஒவ்வொரு தொட்டியின் மேலும் மீனின் விலையோடு அதன் முழு வளர்ச்சி அளவையும், எவற்றோடு சேராது என்பதையும் எழுதி வைக்கவேண்டும். வாங்கியவர் வேண்டாமென்று கொண்டுவரும் மீனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் வேண்டும். இதனால் நஷ்டம் வருமென்று அஞ்சவேண்டாம். நம்பிக்கை வளர்ந்தால் வியாபாரமும் வளரும். சக்கர் மீனைச் சிறு தொட்டிக்கென விற்பதை அறவே நிறுத்துவது நல்லது.

கிராம உத்தியோகஸ்தர்களும் ஊராட்சித் தலைவர்களும் கிராமசபையில் இதனை ஒரு விஷயமாக எடுத்துப் பேசலாம். மீன்பாசி ஏலத்தின்போது, வலையில் அகப்படும் சக்கர் மீனைத் திரும்ப ஏரியில் எறியாமல் கரையேற்றிப் புதைக்கும்படி குத்தகைதாரருக்கு நிபந்தனை விதிக்கலாம். புதைத்தது தென்னைக்கு உரமாகும். இதே ஒழுங்கு ஆப்பிரிக்கக் கெளுத்திக்கும் வேண்டும்; அதை வளர்ப்பது 2000-ம் ஆண்டிலேயே மத்திய அரசால் தடை செய்யப்பட்டது. கிராமப் பள்ளிகளில் ஒரு தொட்டியை வைத்து நம் நாட்டு மீன்களைக் காட்டினால், பிள்ளைகள் வழியே இவ்வறிவு வீடுகளுக்குச் செல்லும். இந்தியாவிலே முதலாவது மீன் காட்சிச்சாலை 1909-ல் சென்னைக் கடற்கரையில் திறக்கப்பட்டது. அத்தகைய பழக்கமுள்ள நாட்டில் இஃது அரிய காரியமன்று.

மீன் தொட்டி வைப்பதை நான் குறைகூறவில்லை. பிள்ளைகளுக்கு நீரின் குணத்தையும் உயிர்களின் இயல்பையும் அது கற்பிக்கும். சிறு நிலக்காரருக்கு வருவாயும் தரும். வாங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டால் போதும்: என் வீட்டு நீர் இதற்கு ஏற்குமா, வளர்ந்தபின் என் தொட்டி இதைத் தாங்குமா, உடனுள்ளவை இதனோடு பிழைக்குமா? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில் அன்று வெறுங்கையோடு வீடு திரும்புவதே லாபம். வாங்கிவிட்ட மீன் வேண்டாமற்போனால் கடைக்கோ வேறொரு வளர்ப்பவருக்கோ கொடுக்கலாம். ஏரியில் மாத்திரம் விடலாகாது. அந்த ஏரியின் நீரைக்கொண்டே இன்னும் நம் கழனிகள் விளைகின்றன.